ரிட்டர்ன் போட்டா எம்புட்டு வரும்?

கேரள எல்லையை ஒட்டிய கம்பம் ஊரில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஜூன், ஜூலை வந்துவிட்டால் கடைக் கணக்கைவிட அக்கம்பக்கத்தாரின் வருமான வரிக் கணக்குதான் என் மேஜையில் அதிகம் கிடக்கும். வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: “தம்பி, ரிட்டர்ன் போட்டா எம்புட்டு ரிட்டர்ன் வரும்?”

பாதிக் குழப்பம் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ரிட்டர்ன் என்ற சொல்லைக் கேட்டதும் பணம் திரும்பி வருகிற ஏதோ ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு 20 ஆயிரம் வந்தது, எனக்கு ஏன் வரவில்லை என்று வருத்தம். குமுளியில் வேலை பார்த்துக்கொண்டு கம்பத்தில் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு சந்தேகம்: இதைக் கேரளாவில் போட வேண்டுமா, இங்கேயா?

டீக்கடையில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அதில் பாதி தப்பு. அதனால் அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இங்கே வரும் தொகைகளும் வரம்புகளும் 2025-26 நிதியாண்டுக்கானவை, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை சம்பாதித்ததற்கு. வரி கணக்கிடப் பழையது, புதியது என்று இரண்டு முறை உண்டு; இங்கே போடுவது புதிய வரிமுறைப்படி.

டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிய பாக்கி

கம்பத்திலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறுகிறோம். சில்லறை இல்லாமல் 500 ரூபாய் நோட்டை நீட்டுகிறோம். கண்டக்டர் முறைத்துவிட்டு, டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கித் தொகையைப் பேனாவால் எழுதி, “இறங்கும்போது வாங்கிக்கங்க” என்கிறார்.

டிக்கெட் விலைதான் நாம் கட்ட வேண்டிய வரி. நீட்டிய 500 ரூபாய், வருடம் முழுக்க நம் வருமானத்திலிருந்து முன்கூட்டியே பிடிக்கப்பட்ட தொகை. பின்னால் எழுதிய பாக்கிதான் ரீஃபண்ட். இறங்கும்போது டிக்கெட்டைக் காட்டி வாங்காமல் தூங்கிக்கொண்டே இறங்கிப் போனால் பாக்கி போச்சு. டிக்கெட்டைக் காட்டிக் கேட்கிறோமே, அந்தக் காரியத்துக்குத்தான் ரிட்டர்ன் தாக்கல் என்று பெயர்.

பஸ்ஸில் டிக்கெட் விலையைக் கண்டக்டர் சொல்கிறார். வருமான வரியில் அதை நாமே கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்: இவ்வளவு சம்பாதித்தேன், இவ்வளவு வரி வருகிறது, இவ்வளவு ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள், மீதி இது. இந்த நான்கையும் எழுதிக் கொடுக்கும் படிவம்தான் ரிட்டர்ன். சில வருடம் கணக்குப் பார்த்தால் மீதி நம் பக்கம் வரும். சில வருடம் நாம்தான் இன்னும் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்கு நடுவருடத்தில் மாறியவர்களுக்கு அடிக்கடி இப்படி ஆகும். புதிய இடத்தில் பழைய சம்பளத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள், பிடித்தம் குறைந்துபோயிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு 20 ஆயிரம் வந்தது என்றால் அவரிடம் 20 ஆயிரம் அதிகமாகப் பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான். பெரிய ரீஃபண்ட் வந்ததைப் பெருமையாகச் சொல்பவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும். அந்தப் பணம் வருடம் முழுக்க அவர் கையில் இல்லையே.

ஆக, ரிட்டர்ன் என்பது கணக்கு. ரீஃபண்ட் என்பது அந்தக் கணக்கின் முடிவில் வரக்கூடிய மீதி. முதலாவதைச் செய்தால்தான் இரண்டாவது கிடைக்கும், ஆனால் முதலாவதைச் செய்த எல்லோருக்கும் இரண்டாவது கிடைக்காது.

பாஸ்புக்கில் காணாமல் போன 2,100

முன்கூட்டியே பிடிப்பதற்கு டிடிஎஸ் என்று பெயர். பணத்தைக் கொடுப்பவரே ஒரு பங்கை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டிவிட்டு, மீதியை நம்மிடம் கொடுப்பது. சம்பளத்தில் முதலாளி பிடிப்பார், டெபாசிட் வட்டியில் வங்கி பிடிக்கும்.

எங்கள் தெரு அக்கா ஒருவர். வயது 53. மலையில் இருந்த சின்ன ஏலத்தோட்டத்தை விற்று 12 லட்சம் ரூபாயை வங்கியில் டெபாசிட் போட்டிருந்தார். வட்டி 7 சதவீதம், வருடத்துக்கு 84,000. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 21,000 வரவேண்டிய இடத்தில் பாஸ்புக்கில் 18,900தான் ஏறியிருந்தது. “பேங்க் சார்ஜ் போல தம்பி” என்று விட்டுவிட்டார். அது சார்ஜ் இல்லை. வட்டியில் 10 சதவீதம் டிடிஎஸ். நான்கு முறை 2,100, மொத்தம் 8,400.

வங்கி ஏன் பிடித்தது? 60 வயதுக்கு உட்பட்டவருக்கு ஒரு வங்கியில் வருட வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் பிடிக்க வேண்டும் என்பது விதி. 60 தாண்டியவருக்கு இந்த வரம்பு 1 லட்சம். அக்காவின் மொத்த வருமானம் எவ்வளவு, அவர் வரி கட்ட வேண்டியவரா என்பதெல்லாம் வங்கிக்குத் தெரியாது. கண்டக்டர் நோட்டை வாங்கியாயிற்று, விலை பிறகுதான் தெரியும்.

இப்போது விலையைப் பார்ப்போம். 4 லட்சம் ரூபாய் வரை வரியே கிடையாது. அக்காவுக்கு வேறு வருமானம் இல்லை. 84,000 எங்கே, 4 லட்சம் எங்கே! வரி பூஜ்ஜியம், பிடித்தது 8,400, ஆகவே ரீஃபண்ட் 8,400. இவ்வளவு குறைந்த வருமானத்துக்கு ரிட்டர்ன் போடுவது கட்டாயம்கூட இல்லை. ஆனால் போடாவிட்டால் அந்த 8,400 யாரும் தேடிவந்து கொடுக்கப் போவதில்லை.

வருட ஆரம்பத்திலேயே வங்கியில் 15ஜி படிவம் கொடுத்திருந்தால் பிடித்தமே இருந்திருக்காது. ‘என் வருமானத்துக்கு வரி வராது, பிடிக்காதீர்கள்’ என்று நாம் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. அந்த நிதியாண்டில் 60 தாண்டியவர்களுக்கு அதுவே 15எச். வரி வரக்கூடியவர்கள் இதைக் கொடுத்தால் பொய் உறுதிமொழி ஆகிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

“12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னாங்களே?”

உண்மைதான், ஆனால் சொன்ன விதத்தில் ஒரு படி விட்டுப்போயிற்று. வரி தொடங்குவது 4 லட்சத்தில். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். மொத்தம் 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு இப்படி வந்த வரியை 60,000 ரூபாய் வரை தள்ளுபடி செய்துவிடுகிறார்கள்.

வருடச் சம்பளம் 10 லட்சம் என்று வையுங்கள். சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவு உண்டு. மீதி 9,25,000. முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, மீதமுள்ள 1,25,000க்கு 12,500. ஆக 32,500 வரி, அது முழுவதும் தள்ளுபடி. கையிலிருந்து ஒரு பைசா போகாது.

ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி வாங்க வேண்டுமென்றால் முதலில் பில் போட வேண்டும் இல்லையா? அதேதான் இங்கேயும். வரி பூஜ்ஜியம் என்றாலும் வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் தாக்கல் கட்டாயம். “எனக்குத்தான் வரி இல்லையே” என்று சும்மா இருந்தவர்களுக்கு, ஏன் தாக்கல் செய்யவில்லை என்று குறுஞ்செய்தி வந்தபோது பதறிக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று நோட்டு, ஒரே கணக்கு

ரீஃபண்டை யார், எதைப் பார்த்துத் தருகிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் பாதி எரிச்சல் குறைந்துவிடும்.

மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்குபவர்களுக்குத் தெரியும். கடைக்காரரிடம் ஒரு நோட்டு, நம்மிடம் ஒரு நோட்டு. மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போனால் பேச்சே இல்லை. ஒரு கிலோ துவரம்பருப்பு ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் சண்டை.

வரியில் மூன்று நோட்டு. பிடித்தவர் எழுதும் நோட்டு முதலாவது. நம் சம்பளத்திலோ வட்டியிலோ பிடித்ததை வங்கியும் முதலாளியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம் பான் எண்ணோடு வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது, வரித்துறை நம் பெயரில் வைத்திருக்கும் நோட்டு. அதில் இரண்டு பகுதி: நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ், பிடித்ததோடு வட்டி, டிவிடெண்டு, பங்கு விற்பனை என்று நம் பணநடமாட்டத்தையும் காட்டும் ஏஐஎஸ். மூன்றாவது நாம் எழுதும் ரிட்டர்ன். பெங்களூரில் உள்ள மத்திய செயலாக்க மையத்தில் கணினி இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. ஒத்துப்போனால் பணம், ஒத்துப்போகாவிட்டால் கேள்வி.

ஜனவரி முதல் மார்ச் வரைக்கான பிடித்தத்தைத் தெரிவிக்க மே 31 வரை அவகாசம். சம்பளக்காரர்களுக்கு முதலாளி தரும் பிடித்தச் சான்றிதழான படிவம் 16 ஜூன் 15க்குள் வர வேண்டும். ஆகவே “எல்லோருக்கும் முன்னாடி ஏப்ரலிலேயே போட்டுட்டேன்” என்பவர் இரண்டாவது நோட்டு எழுதி முடிக்கும் முன்பே மூன்றாவதைக் கொடுத்துவிட்டார். கடைசி வாரம் வரை காத்திருப்பதும் கஷ்டம்தான். வரித்துறையின் இணையதளம் இழுக்கும், எல்லாம் நிரப்பி முடிக்கும்போது வெளியே தள்ளிவிடும். 2025ல் ஜூலை 31ஆக இருந்த கடைசித் தேதி செப்டம்பர் 15க்குப் போனது, அப்புறம் 15ஆம் தேதி இரவில் இன்னும் ஒரு நாள் கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி நானும் முழித்திருந்தேன். ஜூன் கடைசியில் போடுவதுதான் நிம்மதி என்பது என் அனுபவம்.

பிடித்தவர் நம் பான் எண்ணில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டால் நம் பணம் வேறொருவர் கணக்கில் தெரியும், நம் 26ஏஎஸ் காலியாக இருக்கும். அதை நாம் ரிட்டர்னில் சரிசெய்ய முடியாது. பிடித்தவரிடம் போய்த் திருத்த அறிக்கை கொடுக்கச் சொல்ல வேண்டும். தாக்கல் செய்யும் முன் 26ஏஎஸ்ஸைத் திறந்து பார்க்கச் சொல்வது இதற்குத்தான்.

ஒப்பிட்டு முடித்ததும் மின்னஞ்சலில் ஒரு கடிதம் வரும். 143(1) பிரிவின் கீழ் வரும் அறிவிப்பு. பலர் இதை நோட்டீஸ் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். உள்ளே இரண்டு பத்தி இருக்கும்: நாம் சொன்ன தொகை, அவர்கள் கணக்கிட்ட தொகை. இரண்டும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. அந்தக் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை எட்டு இலக்கமாக அடித்தால் திறக்கும். இது தெரியாமலே கடிதத்தைப் படிக்காமல் விட்டவர்கள் எங்கள் தெருவில் நாலு பேர்.

சுருக்கமாக, ரீஃபண்ட் யாருடைய மனசிலும் இல்லை, மூன்று நோட்டின் பொருத்தத்தில் இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

வருமான வரி மத்திய அரசுடையது. பான் எண் ஒன்று, தளம் ஒன்று. லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக் குமுளியில் சம்பளம் வாங்கினாலும், கம்பம்மெட்டு வழியாக நெடுங்கண்டம் போய் வந்தாலும் கணக்கில் மாற்றம் இல்லை. அங்கே சம்பளச் சீட்டில் ‘தொழில் வரி’ என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடிப்பதை வருமான வரி என்று நினைத்து ரீஃபண்ட் கேட்பவர்கள் உண்டு. அது உள்ளாட்சிக்குப் போகும் தனி வரி, வருடத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. 26ஏஎஸ்ஸில் அது இருக்காது, ரீஃபண்டாகவும் வராது.

தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்தத் தோட்டத்தில் விளைந்த ஏலக்காயை உலர்த்தி, புற்றடியிலோ போடியிலோ ஏலத்தில் விற்றால் அது விவசாய வருமானம், மத்திய வருமான வரி இல்லை. அதே ஏலத்தில் வாங்கி விற்பவருக்கு அது வியாபார வருமானம், வரி உண்டு. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவம் பொருந்தாது. வாத்தியார் வேலையும் இரண்டு ஏக்கர் ஏலமும் வைத்திருப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. அவர்கள் ஐடிஆர்-2க்குப் போக வேண்டும்.

கணக்கு சரி, பணம் எங்கே?

எல்லாம் ஒத்துப்போன பிறகும் பணம் வராமல் தொங்கும். என்னுடையதே தொங்கியது.

எனக்கு அப்பா பெயர் இனிஷியல். பான் அட்டையில் இனிஷியலை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், முழுதாக விரித்து எழுத வேண்டும். ஆகவே அதில் அப்பா பெயரும் என் பெயரும் முழுசாக இருக்கிறது. வங்கிக் கணக்கு, நான் குமுளியில் வேலை பார்த்தபோது தொடங்கியது. முருகேசன் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது நம் ஊரில் ‘ஜி’ போடுவோம். அங்கே இருந்த குமாஸ்தா மலையாள வழக்கப்படி ‘கே’ போட்டுவிட்டார். பத்து வருடம் அந்த ‘கே’ யாருக்கும் இடைஞ்சல் செய்யவில்லை. பிறகு ஒரு வருடம் 3,140 ரூபாய் ரீஃபண்ட் வந்தது. வந்தது என்றால் வரவில்லை. தளத்தில் ‘ரீஃபண்ட் ஃபெயில்டு’ என்று சிவப்பில் நின்றது.

ரீஃபண்ட் போகும் வங்கிக் கணக்கை முதலில் தளத்தில் சரிபார்க்க வேண்டும். பான் எண்ணில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் பொருந்துகிறதா, கணக்கோடு பான் இணைந்திருக்கிறதா, வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண் சரியா என்று பார்ப்பார்கள். பான் அட்டை நகலோடு வங்கிக்கு இரண்டு நடை நடந்து பெயரைத் திருத்தி, தளத்தில் மறுபடி சரிபார்த்து, ‘ரீஃபண்ட் ரீ-இஷ்யூ’ என்ற கோரிக்கையைக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் வந்தது. இந்தக் கோரிக்கையை நாமாகத்தான் கொடுக்க வேண்டும், பெயரைத் திருத்தியதும் பணம் தானாக வந்துவிடாது.

ஐஎஃப்எஸ்சி விஷயத்தில் எல்லைப் பக்கத்துக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1ஆம் தேதி எஸ்பிஐயோடு சேர்ந்தது, 2020 ஏப்ரலில் இன்னும் சில வங்கிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. பழைய பாஸ்புக்கைப் பார்த்து எண்ணை அடித்தால் செல்லாது.

இன்னொன்று, சரிபார்ப்பு. ரிட்டர்னை அனுப்பிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். 30 நாளுக்குள் அதை நாம்தான் அனுப்பினோம் என்று உறுதிசெய்ய வேண்டும். கையெழுத்துப் போடாத செக் மாதிரிதான், அதுவரை அதற்கு மதிப்பில்லை. ஆதாருக்கு வரும் ஓடிபி போதும். ஆதாரில் பழைய சிம் எண் இருந்தால் அதுவும் தகராறு. தோட்டத்தில் டவர் கிடைக்காது, ஓடிபி கொஞ்ச நேரம்தான் உயிரோடு இருக்கும். அதனால் இந்த வேலையைக் கம்பத்துக்கு இறங்கி வந்து செய்யுங்கள். முடியாவிட்டால் நெட்பேங்கிங் வழியாகவும் செய்யலாம், ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டுப் பெங்களூருக்குத் தபாலிலும் அனுப்பலாம்.

பானும் ஆதாரும் இணையாமல் இருந்தால் பான் செயலிழந்துவிடும், ரீஃபண்ட் நிற்கும். முந்தைய வருடங்களில் வரிபாக்கி இருந்தால் நமக்குத் தெரிவித்துவிட்டு அதை இதில் கழித்துக்கொள்வார்கள். இது எதுவுமில்லை என்றால் சரிபார்த்து நாலைந்து வாரத்தில் பணம் வந்துவிடுவது வழக்கம். ஆனால் கணக்கை முடிக்கச் சட்டம் கொடுக்கும் அவகாசம் நீளம்: தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம்.

“நான் வாங்கித் தரேன்” என்பவர்கள்

ரீஃபண்டில் பத்து சதவீதம் கொடுத்தால் போதும், அதிகமாக வாங்கித் தருகிறேன் என்று சிலர் சுற்றுகிறார்கள். பழைய வரிமுறையில் போட்டு, கொடுக்காத நன்கொடை, கட்டாத வீட்டு வாடகை என்று எதையாவது எழுதி வரியைக் குறைத்துக் காட்டுவதுதான் அவர்கள் வித்தை. பணம் வரவும் வரும். பிறகு ரசீது கேட்டுக் கடிதம் வரும்போது அவர் போன் எடுக்க மாட்டார். பொய்க் கணக்கு என்று முடிவானால் ஏமாற்றிய வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம், அதுவும் நம் பெயரில்.

‘உங்கள் ரீஃபண்ட் 15,490 தயார், இந்த இணைப்பைத் தொடுங்கள்’ என்று வரும் குறுஞ்செய்தியைத் தொடவே வேண்டாம். வரித்துறை பின் எண்ணையோ அட்டை எண்ணையோ கேட்காது. உண்மை நிலவரம் தளத்தில் உள்ளே நுழைந்தால் தெரியும்.

தாமதத்துக்கு வட்டி

அரசு நம் பணத்தை வைத்திருந்த காலத்துக்கு மாதம் அரை சதவீதம் வட்டி உண்டு. நேரத்தில் தாக்கல் செய்தவருக்கு ஏப்ரல் 1 முதல் கணக்கு. தாமதமாகச் செய்தால் தாக்கல் செய்த நாளிலிருந்துதான். ரீஃபண்ட் தொகை கட்ட வேண்டிய வரியில் பத்து சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் வட்டி கிடையாது.

அக்காவுக்கு வரியே பூஜ்ஜியம், அதனால் அந்தத் தடை இல்லை. செப்டம்பரில் பணம் வந்தால் ஆறு மாதத்துக்கு 3 சதவீதம், 8,400க்கு 252 ரூபாய். மொத்தம் 8,652. தாளில் எழுதிக் காட்டினேன். சந்தோஷமாக மடித்துப் பர்ஸில் வைத்தவர், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“ஏன் தம்பி, இந்த 252 வட்டிதானே? இதுக்கும் கணக்குக் காட்டணுமா?”

“ஆமாக்கா. அடுத்த வருஷ வருமானத்துல இதையும் சேர்த்து எழுதணும்.”